பத்து பார் வாசித்த ஞாயிறு

அயர்லாந்து நடனப் போட்டி மண்டபத்தில் வாத்தியக்காரருக்கென்று ஒதுக்கும் கதிரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒருநாளும் நல்ல கதிரையாக இருக்காது. நடுவர்களுக்கு விரிப்புப் போட்ட மேசையும் தண்ணீர்க் குவளையும் உண்டு. பெற்றோருக்கு மெத்தை வைத்த கதிரைகள். நமக்குக் கிடைப்பது ஹோட்டல்காரர் எங்கோ மூலையில் மறந்துவிட்ட மடக்குக் கதிரை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை நாலு வரை அதுதான் கதி. ஆகவே வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுபோங்கள். இருபத்தைந்து வருடம் அந்தக் கதிரையில் இருந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

இந்த வருடத்தோடு நான் போட்டிகளுக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வெக்ஸ்போர்ட்டில் நான் நடத்திய வாத்திய வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் நாலைந்து பேர் இனி அந்தக் கதிரையில் உட்காரப் போகிறீர்கள். எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ரீல் ஆட்டத்துக்கு என்ன வேகம், ஜிக் ஆட்டத்துக்கு என்ன வேகம், எந்த மெட்டு எந்த வயதுப் பிள்ளைக்கு என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை உங்கள் கைபேசியில் இருக்கின்றன. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பிழை விட்ட மூன்று இடங்களைச் சொல்கிறேன். முதல் இரண்டும் சின்னப் பிழைகள். மூன்றாவதைப் பற்றி இதுவரை வகுப்பில் நான் வாய் திறந்ததில்லை.

மன்னாரில் கோயில் பாடகர் குழுவுக்கு அக்கோடியன் வாசித்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அயர்லாந்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொழிற்சாலையில் என்னோடு நின்ற ஒருவர், உனக்கு அக்கோடியன் தெரியுமே, வா என்று ஒரு ஞாயிறு பின்னேரம் அயர்லாந்துக்காரர் கூடும் மதுச்சாலை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், பிடில், புல்லாங்குழல், சின்ன மேளம் என்று கையில் கிடைத்ததை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நம்முடைய சங்கீதம் இருக்க உது என்னத்துக்கு என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கேட்பவர்கள் உண்டு. நான் ஒருநாளும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. கேட்டேன், பிடித்துவிட்டது. அதற்குமேல் காரணம் தேடி எனக்கு நேரத்தை வீணாக்க விருப்பமில்லை.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ என்னையும் வாசிக்கச் சொன்னார்கள். முதல் பிழை அங்கேதான். அங்கே ஒரு மெட்டை மூன்று தரம் வாசிப்பார்கள். மூன்றாம் தரம் முடியும் இடத்தில் மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாது. கோயிலில் பாட்டு முடிகிறதென்றால் கடைசி வரியை இழுத்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, துருத்தியை முழுதாக விரித்து ஒரு நீண்ட சுரத்தில் கொண்டுபோய் வைப்போம். சனம் அதைக் கேட்டுத்தான் எழும்பி நிற்கும். அன்றைக்கும் அப்படியே, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு முடித்தேன். கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் அடுத்த மெட்டில் பாதித் தூரம் போயிருந்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர்களில் அதிகம் சிரித்தவர் பியானோவில் இருந்த ஒரு பெண்மணி. கனடாவின் கிழக்குக் கரையில், கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர், என் வயதுதான், பகலில் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, தான் இருந்த வாங்கை ஒரு பக்கம் தள்ளி, தன் முகம் தெரிகிற இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். மெட்டு மாறப்போகிறது என்றால் புருவத்தைத் தூக்குவேன், பார்த்துக்கொள் என்றார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் சோடியாக வாசித்தோம். நான் அக்கோடியன், அவர் கீபோர்ட். நடனப் போட்டிகளுக்கு என்னை இழுத்து வந்தவரும் அவர்தான். அவருடைய பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் கீபோர்டைத் தூக்கி என் தலையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்யக்கூடியவர்.

இரண்டாவது பிழை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில், ஒரு தேவாலய மண்டபத்தில். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் போட்டி. இரண்டு இரண்டு பேராக மேடைக்கு விடுவார்கள். ஒரு சின்னப் பெண் நடுவில் அடுத்த அடி என்னவென்று மறந்து தடுமாறத் தொடங்கினாள். தலையில் போட்டிக்கென்று வைத்த பெரிய சுருள் பொய் முடி, முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், எட்டிப் பிடிக்கட்டும் என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அவள் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளையின் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவளும் தடுமாறினாள். ஒரு பிள்ளைக்கு இரக்கப்பட்டு இரண்டு பிள்ளைகளை அழவைத்தேன்.

சாப்பாட்டு நேரம் என் கீபோர்ட் தோழி என்னைப் பிடித்துக்கொண்டார். ஆடுகிறவர்களின் காலைப் பார்க்காதே, பார்த்தால் நீ அவர்களுக்குப் பின்னால் போகத் தொடங்குவாய், அவர்கள் உன்னை நம்பித்தான் வருகிறார்கள் என்றார். எதிர்ச்சுவரில் ஒரு இடத்தைப் பிடித்து அதைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன மணிக்கூடா என்று கேட்டேன். ஓம், இன்றைக்கு அதுதான் உன் வேலை என்று சொல்லிவிட்டுத் தன் பாணைச் சாப்பிடத் தொடங்கினார். எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் எடுக்காது என்று நம்புகிறேன்.

இனி மூன்றாவது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம். பெரிய போட்டிகளின் கடைசிச் சுற்றில் ஒவ்வொருவரும் தனியே வந்து, தாங்களே தெரிந்தெடுத்த ஒரு மெட்டுக்கு ஆடுவார்கள். மேடைக்கு வந்ததும் மெட்டின் பெயரையும் வேகத்தையும் நமக்குச் சொல்வார்கள். இந்த மெட்டுகள் மற்றவற்றைப் போல அல்ல. ஒன்றில் முதல் பகுதி எட்டு பார், இரண்டாம் பகுதி பதினாலு. இன்னொன்றில் எட்டும் பதினாறும். பார் என்பது தாளத்தின் ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கைக்குத்தான் பிள்ளைகள் ஒவ்வொரு அடியையும் கட்டுகிறார்கள். முதல் பகுதியை வலது காலால் ஒருமுறை, இடது காலால் ஒருமுறை. பிறகு இரண்டாம் பகுதி. ஒரு வருடம் முழுக்க அந்த ஒன்றரை நிமிடத்துக்காக எண்ணி எண்ணிப் பழகுவார்கள்.

நான் வாசிக்கிறவன் மட்டுமல்ல, பழைய ஏடுகளைக் கிண்டுகிறவனும் என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையை விட்ட பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. அப்படிக் கிண்டும்போது, அயர்லாந்திலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்து விவசாயம் செய்த ஒருவர் மெட்டுகளை எழுதி வைத்த கொப்பி ஒரு நூலகத்தின் பெட்டிக்குள் கிடைத்தது. போட்டிகளில் நாம் அடிக்கடி வாசிக்கிற ஒரு மெட்டு அதில் இருந்தது. ஆனால் முதல் பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது எட்டு பார் அல்ல, பத்து. கடைசியில் இரண்டு பார் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்பாராத இடத்தில் இறங்குகிறது. பிற்காலத்தில் யாரோ நடனத்தின் வசதிக்காக அந்த இரண்டு பாரையும் வெட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவ்வளவு அழகான இரண்டு பாரை எந்த மனம் வந்து வெட்டினார்களோ தெரியாது.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு கருத்தரங்கில் வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டேன். மூன்று கிழமை, காலையும் மாலையும், அந்தப் பத்து பார் வடிவத்தைத் தவிர வேறு எதையும் வாசிக்கவில்லை. சந்தித்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். உந்த ரெண்டு பாரையும் நித்திரையிலயும் வாசிக்கிறியள் என்று மனைவி சொன்னார். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கருத்தரங்கு ஒரு வியாழக்கிழமை. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு விட்பியில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வருடத்தின் பெரிய போட்டி. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதல் ஆறு பேர் அடுத்த வசந்தத்தில் அயர்லாந்து போய் ஆடலாம்.

பதினாறு வயதுப் பிரிவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பெயர் ஷரோன் என்று வைத்துக்கொள்வோம். பிக்கரிங்கில் வீடு. தாய் யாழ்ப்பாணத்தவர், முதியோர் இல்லமொன்றில் வேலை. இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமலே மகளை வகுப்புக்கு ஏற்றி இறக்கியவர். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். ஷரோன் தெரிந்தெடுத்தது அதே மெட்டுத்தான். அவள் கேட்ட வேகத்தில் அந்த மெட்டை அக்கோடியனில் வாசித்து, பழகுவதற்கென்று நான்தான் பதிவு செய்து கொடுத்திருந்தேன். பதினொரு மாதம் வீட்டுக் கார்க் கொட்டகையில் பலகை போட்டு, கைபேசியில் என் வாசிப்பைப் போட்டுப் பழகினாள். முந்தைய வருடம் எட்டாவதாக வந்திருந்தாள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அதோடு ஆட்டம் முடிந்தது என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். ஆகவே அயர்லாந்து போவதென்றால் அவளுக்கு அன்றைக்கு மட்டும்தான்.

அவள் மேடைக்கு வந்து மெட்டின் பெயரையும் வேகத்தையும் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். முன்னிசை சரி. வலது கால் எட்டு பார், சரி. இடது காலும் எட்டு பார் முடிந்தது. அந்த இடத்தில் இரண்டாம் பகுதிக்கு இறங்க வேண்டிய என் விரல்கள் மேலே ஏறின. விவசாயியின் இரண்டு பாருக்குள் போய்விட்டன. போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நடுவில் திரும்ப வழியில்லை. திரும்பினால் இன்னும் மோசமாகும்.

சுவரை விட்டுக் கண்ணை எடுத்தேன். ஷரோன் இரண்டாம் பகுதியின் முதல் உதையைத் தொடங்கிவிட்டாள். காலை அரைவாசியில் நிறுத்தினாள். அரைத் தட்டு அளவு நின்றாள். பிறகு நின்ற இடத்திலேயே குதிகால்களால் தட்டித் தட்டி அந்த வெற்று இடத்தை நிரப்பி, நான் இறங்கியபோது தானும் இறங்கினாள். மிச்சத்தை ஒரு பிசகும் இல்லாமல் ஆடினாள். சிரித்த முகம் மாறவில்லை. மண்டபத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, பிள்ளை எண்ணிக்கையைத் தவறவிட்டு ஒருமாதிரிச் சமாளித்தாள் என்றுதான் தெரிந்திருக்கும். மூன்று நடுவர்களும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு ஒருமுறை, வாத்தியக்காரருக்கு ஒருமுறை தலை வணங்க வேண்டும் என்பது வழக்கம். அவள் நடுவர்களை வணங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி என்னை வணங்கினாள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுவதற்கு நடுவில் நமக்குக் கிடைப்பது முப்பது விநாடி. அடுத்தவர் ஆடத் தொடங்கிவிட்டால் முந்தையவரின் புள்ளிகளை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த முப்பது விநாடியில் என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நடுவர்களுக்கு மெட்டுத் தெரியும், அவர்களே பிழையைக் கண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளை நன்றாகச் சமாளித்தாள், குறைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெரிய மண்டபத்தில் வாசிக்க என்னைக் கூப்பிட்டு அது மூன்றாவது வருடம்தான். ஒரு இலங்கைக்காரனுக்கு இந்த இடம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். இந்தா, பார்த்தீர்களா என்று அவர்கள் சொல்வது காதில் கேட்டது. அடுத்த பிள்ளை வந்து நின்று தன் மெட்டின் பெயரைச் சொன்னாள். நான் தலையாட்டினேன். மறைக்காமல் சொல்கிறேன், தலையாட்டி, விரல்களைக் கட்டைகளில் வைத்தும்விட்டேன்.

பக்கத்தில் டிக் என்று ஒரு சத்தம். தோழி கீபோர்டை நிறுத்திவிட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குடுவையைத் திறந்து ஒரு மிடறு தேநீர் குடித்தார். மூடியைத் திருகி மூடினார். பிறகு, ஏதோ மறந்துபோனதைக் கேட்பது போல, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்:

“எத்தனை பார் வாசித்தோம்?”

வாசித்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான். பத்து என்றேன். நான் அக்கோடியன் வாரைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

வாத்தியக்காரர் நடுவர் மேசைக்குப் போகக் கூடாது. போட்டி நடக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பதுகூட நல்லதல்ல. நான் மேடைக்குக் குறுக்கே நடந்தேன். ஏறி நின்ற பிள்ளை என்னைப் பேயைக் கண்டது போலப் பார்த்தாள். நானூறு ஐந்நூறு பேர் இருந்த மண்டபம், பேச்சு நின்றுவிட்டது. முந்தைய ஆட்டத்தில் முதல் பகுதியை இரண்டாம் முறை பத்து பார் வாசித்துவிட்டேன், பிள்ளை சரியாகத்தான் எண்ணினாள், பிழை முழுக்க என்னுடையது என்று சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நடுவில் இருந்த நடுவர் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் தன் தாளைப் பார்த்தார். தாளம் தவறினாள் என்று தான் எழுதியிருப்பதாகச் சொல்லி, அந்த வரியின் மேல் பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். மூவரும் கூடிப் பேசினார்கள். இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளை திரும்ப ஆடலாம், முதல் ஆட்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அந்த ஆறு பேருக்கும் நான் எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பாரையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தேன். இடையில் தோழியிடம் ஒரு முடிவு சொன்னேன். ஷரோன் திரும்ப ஆடும்போது என் விரல்களை நான் நம்ப மாட்டேன். மெட்டை நீங்கள் கீபோர்டில் வாசியுங்கள், நான் பின்னணி மட்டும் பிடிக்கிறேன் என்றேன். அவர் சரி என்றார். இதையும் கவனத்தில் வையுங்கள். பிழை விட்டவுடன் அதை நானே திருத்திக் காட்டுவேன் என்று முண்டியடிப்பது வீரம் அல்ல. அங்கே பிள்ளைக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி.

ஆனால் பிள்ளைக்கு எது நல்லது என்பதையும் நான்தான் தெரிந்தவன் மாதிரி முடிவு செய்திருந்தேன். ஷரோன் மேடை ஓரத்துக்கு வந்தபோது, இந்த முறை கீபோர்ட் அன்ரி மெட்டை வாசிப்பா என்று சொன்னேன். அவள் தோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இல்லை அங்கிள். நீங்களே வாசியுங்கோ. நான் உங்கட அக்கோடியனுக்குத்தான் பழகினனான்.”

தாய் பின்னால் நின்றார். மகளின் முதுகில் உடுப்பின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வாசித்தேன். இடது காலின் எட்டாவது பார் வரும்போது என் கழுத்தில் வியர்வை இறங்கியது. தோழி பக்கத்தில் புருவத்தைத் தூக்கினார். விரல்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கின. நான் ஷரோனின் காலைப் பார்க்கவில்லை, ஆனால் பலகையில் சப்பாத்துச் சத்தம் என் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. மண்டபம் நெடுநேரம் கை தட்டியது. வாத்தியப் பிழைக்குப் பிறகு இரண்டாம் தரம் ஆடுகிற பிள்ளைக்கு எல்லா மண்டபமும் அப்படித்தான் தட்டும். அதை நம்பிப் புள்ளி வராது.

முடிவு மாலையில் வாசித்தார்கள். ஆறாவது பெயர் வரை நான் மூச்சுவிடாமல் கேட்டேன். அவள் ஏழாவது.

இரண்டாம் ஆட்டத்தில் களைத்திருந்தாளா, முந்தைய சுற்றுகளில் குறைந்திருந்தாளா, முதல் தரமே நான் ஒழுங்காக வாசித்திருந்தால் ஆறுக்குள் வந்திருப்பாளா? எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. தோழி என் தோளில் கை வைத்து, இன்றைக்கு நான் உன் அக்கோடியனைக் காருக்குத் தூக்கி வருகிறேன் என்றார். அப்படி அவர் அதற்கு முன் ஒருநாளும் செய்ததில்லை. போட்டி நடத்துகிறவர்கள் அடுத்த வருடமும் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் விட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு நடைமுறை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு பழைய வடிவம் எதையும் நான் அக்கோடியனில் தொட்டதில்லை. ஆராய்ச்சிக்கென்று கொன்செற்றினா என்ற சின்னக் கைத்துருத்தி வாத்தியம் ஒன்று வாங்கினேன். ஏட்டில் கிடைப்பதெல்லாம் அதில்தான் வாசிப்பேன். கொன்செற்றினாவில் விரல் வைக்கும் முறையே வேறு. அந்த விரல்களுக்குத் தெரிந்தது அக்கோடியன் விரல்களுக்குத் தெரியாது. வகுப்பில் நான் ஏன் அடிக்கடி வாத்தியத்தை மாற்றுகிறேன் என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். உங்களில் ஏடு கிண்டுகிற ஆசை உள்ளவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். நாம் கண்டுபிடித்தது எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைக் கேட்டு ஆடப் பழகாத பிள்ளையின் காலுக்குக் கீழே கொண்டுபோய் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அன்று முடிவு வாசித்த பிறகு வாகனத் தரிப்பிடத்தில் அவர்களைத் தேடிப் போனேன். பருவத்தின் முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. தாய் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நின்றார். ஷரோன் உள்ளே, தலையில் வைத்த பொய் முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு வசனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். ஆங்கிலத்தில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று வழியில் இரண்டு தரம் மாற்றினேன். திட்டுவார், திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று மனதைத் திடப்படுத்தியிருந்தேன்.

நான் வாயைத் திறக்க முதலே தாய் சுரண்டியைக் கண்ணாடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அண்ணை, இவள் மேடையால இறங்கி வந்த உடனே என்னட்ட என்ன சொன்னவள் தெரியுமோ? ‘சொறி அம்மா, நான் எண்ண மறந்திட்டன்’ எண்டவள். ஒரு வருசமா எண்ணினவள், அண்ணை. நானும் சும்மா இருக்கேல்ல. உதென்ன கவனயீனம், இவ்வளவு கஷ்டப்பட்டும் உதைத்தானோ செய்தனி எண்டு ஏசத் தொடங்கிட்டன். அப்பதான் நீங்கள் எழும்பி நடந்து போனனீங்கள்.”

அவர் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஏழாவதெண்டால் ஏழாவதுதான். நாங்கள் அயர்லாந்தைப் படத்தில பாப்பம். ஆனால் நீங்கள் இருந்த இடத்திலயே இருந்திருந்தால், இது தன்ர பிழை எண்டு இவள் சாகுமட்டும் நினைச்சிருப்பாள். நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். அதுக்குத்தான் அண்ணை, நன்றி.”

நான் கொண்டுபோன வசனம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். நானாக எழும்பிப் போகவில்லை, பக்கத்தில் ஒருவர் விளக்கை அணைத்த பிறகுதான் எழும்பினேன் என்பதை மட்டும் எப்படியோ அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்த அக்காவுக்கும் நன்றி சொல்லுங்கோ என்றார்.

இருபத்தைந்து வருடத்தில் இந்த இசை எனக்குத் தந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தொழில் தந்தது, ஒரு தோழியைத் தந்தது, பிழை விட்டவனையும் திரும்ப வாசிக்கச் சொன்ன ஒரு பிள்ளையைத் தந்தது. எனக்குக் குறை எதுவும் இல்லை. நீங்களும் பிழை விடுவீர்கள், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விடுவீர்கள். அந்த முப்பது விநாடி உங்களுக்கும் வரும். அப்போது நடுவர்களைப் பற்றியோ, அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்பதைப் பற்றியோ, உங்களுடைய பெயரைப் பற்றியோ நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். மேடைக்குக் கீழே ஒரு பிள்ளை தன் தாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் எழும்பிவிடுங்கள்.